பயன்படுத்தவே அஞ்சும் பாலிசிக்கு யார் பணம் கட்டுவது?

வந்த கடிதம், சுருக்கமாக

வில்லிவாக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். வயது 41. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை, மாதம் 38 ஆயிரம் சம்பளம். கணவர், இரண்டு பிள்ளைகள். அவருடைய அம்மாவுக்கு 68 வயது. பெரம்பூரில் தன் பெயரில் உள்ள வீட்டில் மூத்த மகன் குடும்பத்தோடு இருக்கிறார். அந்த அண்ணனுக்கு ஜெராக்ஸ் கடை. ஒரு மாதம் போல் மறு மாதம் வருமானம் இருப்பதில்லை. தம்பி பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறார். அப்பா பொதுப்பணித் துறையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்று, ஆறு ஆண்டுகளுக்கு முன் காலமானார்.

அம்மாவுக்கு 11 ஆண்டுகளாகச் சர்க்கரை. 2023 டிசம்பரில் அண்ணன் ஒரு தனியார் நிறுவனத்தில் அவருக்கு 5 லட்ச ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு எடுத்தார். சென்ற ஆண்டு கட்டிய பிரீமியம் 38,350 ரூபாய். "இரண்டு ஆண்டு நான் கட்டினேன், இனி நீ கட்டு" என்கிறார் இப்போது. சொத்தில் பங்கு கேட்கும் பெண், செலவிலும் பங்கு எடுக்க வேண்டும் என்பது அண்ணியின் வாதம். கட்டிக்கொடுத்த பெண் ஏன் கட்ட வேண்டும் என்பது வாசகியுடைய கணவரின் வாதம். போன ஆடி மாதம் அம்மாவின் கால் விரலில் புண் சீழ்பிடித்து, தனியார் மருத்துவமனையில் மூன்று நாள் இருந்ததில் 64 ஆயிரம் செலவு. அதில் 40 ஆயிரத்தை வாசகி தன் வளையலை அடகு வைத்துக் கொடுத்திருக்கிறார்.

அவருடைய கேள்விகள்: திருமணமான மகளுக்குச் சட்டப்படி இந்தக் கடமை உண்டா? வாடகை கொடுக்காமல் அம்மா வீட்டில் இருக்கும் அண்ணனையே கட்டச் சொல்லி வழக்குப் போட முடியுமா? நான் கட்டினால் வீட்டில் கூடுதல் பங்கு கேட்கலாமா?

ஆலோசனை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல், போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோன இரண்டு வரிகள்தாம் கடிதத்தைப் படித்ததிலிருந்து என்னை உறுத்துகின்றன. முதல் வரி இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது: "படிவம் எழுதும்போது, சர்க்கரை என்று போட்டால் பிரீமியம் ஏறும் என்று ஏஜென்ட் சொன்னதால் அண்ணன் 'இல்லை' என்று போட்டுவிட்டார், அதனால்தான் ஆடியில் க்ளைம் செய்யவில்லை." அடுத்த வரி மூன்றாம் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் இருக்கிறது: "அம்மாவுக்குப் பென்ஷன் 19 ஆயிரம் சொச்சம் வருகிறது, அதிலும் மாதம் ஐந்நூறு ரூபாய் எதற்கோ பிடித்துவிடுகிறார்கள்."

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். அது நல்ல செய்தியாக இருக்கக்கூடும்.

அந்த ஐந்நூறு ரூபாய்

தமிழ்நாடு அரசு தன் ஓய்வூதியர்களுக்கும் குடும்ப ஓய்வூதியம் பெறுவோருக்கும் ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடத்துகிறது. 2022 ஜூலையில் தொடங்கிய சுற்றில் மாதப் பிடித்தம் 497 ரூபாய். உங்கள் 'எதற்கோ' அநேகமாக இதுதான். நான்கு ஆண்டுக் காலத்துக்கு மொத்தம் 5 லட்சம் வரை, குறிப்பிட்ட சில கடும் நோய்களுக்கு 10 லட்சம் வரை, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குக் கையிலிருந்து பணம் கட்டாமல் பெறலாம். இந்தச் சுற்று 2026 ஜூன் வரைக்கானது. அடுத்த சுற்றில் பிடித்தமும் தொகையும் மாறலாம்.

ஆக, நீங்கள் மூவரும் யார் காப்பீடு எடுப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது உங்கள் அம்மா சத்தமில்லாமல் மாதாமாதம் தனக்கான காப்பீட்டுக்குத் தானே பணம் கட்டி வந்திருக்கிறார். ஆடி மாதம் நீங்கள் போன மருத்துவமனை அந்தப் பட்டியலில் இருந்ததா என்றுகூட யாரும் பார்க்கவில்லை. உங்கள் வளையலை நினைத்தால் எனக்கே ஆற்றாமையாக இருக்கிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. என்னிடம் வரும் பாதிக் குடும்பங்களில் பென்ஷன் சீட்டை யாரும் பிரித்தே பார்ப்பதில்லை.

ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்தில் அம்மாவின் ஓய்வூதியப் புத்தகத்தைக் காட்டி, பிடித்தம் எதற்கானது, காப்பீட்டு அட்டை வழங்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அட்டை அப்பாவின் பெயரிலேயே கிடக்கலாம். அப்படியிருந்தால் மாற்றிக்கொள்ள வேண்டும். பெரம்பூருக்கு அருகில் பட்டியலில் உள்ள மருத்துவமனைகள் எவை என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி அம்மாவின் மருந்து டப்பாவிலேயே ஒட்டிவையுங்கள். இரவு இரண்டு மணிக்கு யாரும் இணையதளத்தில் தேட மாட்டார்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அம்மாவைச் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அம்மாவின் பென்ஷனே ஆண்டுக்கு 2,28,000 ஆகிறது. குறைத்துக் காட்டி வருமானச் சான்று வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு பொய்யின் பாரமே இந்தக் குடும்பத்துக்குப் போதும்.

'இல்லை' என்று போட்ட கட்டம்

யார் கட்டுவது என்று நீங்கள் கேட்கிறீர்கள். எதற்குக் கட்டுவது என்று நான் கேட்கிறேன். ஆடியில் அந்தப் பாலிசி உங்கள் அலமாரியில் இருந்தது. மருத்துவமனையில் நீங்கள் மூன்று நாள் இருந்தீர்கள். அதை எடுத்து நீட்ட அண்ணனுக்குத் துணிவு வரவில்லை. வரவும் வராது. அந்தப் படிவத்தில் இருக்கும் பொய் திருத்தப்படும் வரை, இன்று நீங்கள் கட்டினாலும் தம்பி கட்டினாலும், கட்டுகிற பணம் ஒரு நிம்மதிக்கான விலைதான், சிகிச்சைக்கானது இல்லை.

"எங்கள் டாக்டர் நல்லவர், சொல்லிவிட்டால் சமாளித்து எழுதித் தருவார்" என்று அண்ணி சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். நள்ளிரவில் அவசரப் பிரிவில் பயிற்சி மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியே, "எத்தனை ஆண்டாகச் சர்க்கரை?" என்பதுதான். பதற்றத்தில் யாராவது ஒருவர் உண்மையைச் சொல்வார். சொல்லத்தான் வேண்டும், அம்மாவின் உயிர் அதில் இருக்கிறது. அது கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்டு வாங்குவதும் அந்தத் தாளைத்தான். ஆடி மாத டிஸ்சார்ஜ் சம்மரியில் '11 ஆண்டுச் சர்க்கரை' என்று ஏற்கெனவே இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மெடிக்ளைம் படிவத்தில் சர்க்கரை நோயையும் சிறுநீரகக் கோளாறையும் மறைத்த ஒரு வழக்கில், நிறுவனம் பணம் தர மறுத்தது சரிதான் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்புச் சொன்னது. ஏஜென்ட் சொன்னார் என்பது எளிதில் நிற்கும் வாதம் இல்லை. படிவத்தின் கீழே இருப்பது அம்மாவின் கையெழுத்து.

ஐந்து ஆண்டு கழிந்தால் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று ஏஜென்ட் சொன்னது பாதி உண்மை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் இந்தக் காலத்தை 8 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக, அதாவது தொடர்ச்சியான 60 மாதங்களாகக் குறைத்தது. அதற்குப் பின் தகவலைச் சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டி க்ளைமை மறுக்க முடியாது. மோசடி நிரூபிக்கப்பட்டால் மட்டும் விதிவிலக்கு. உங்கள் பாலிசிக்கு 60 மாதம் நிறைவது 2028 டிசம்பரில். அதற்கு இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது. சர்க்கரைக்கார அம்மாவின் கால் அதுவரை காத்திருக்குமா? தெரிந்தே போட்ட 'இல்லை'யை மோசடி என்று அவர்கள் வாதாட இடமும் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு காலத்தை ஓட்டும் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எழுதித் திருத்துங்கள் என்பதுதான் என் ஆலோசனை. புதுப்பிக்கும் தேதிக்கு முன் அம்மாவின் கையெழுத்தோடு ஒரு கடிதம்: முன்மொழிவுப் படிவத்தில் சர்க்கரை நோய் குறிப்பிடப்படவில்லை, 11 ஆண்டாக இருக்கிறது, சிகிச்சைத் தாள்களை இணைத்திருக்கிறேன், பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலிலும், பதிவு வசதியோடு ஒப்புகை கேட்டு விரைவுத் தபாலிலும் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். ஏஜென்ட் கையில் மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். நிறுவனம் பிரீமியத்தை ஏற்றலாம், சர்க்கரை தொடர்பான சிகிச்சைக்குக் காத்திருப்புக் காலம் (அதுவரை அதற்கு க்ளைம் கிடையாது) வைக்கலாம், பாலிசியை ரத்தும் செய்யலாம். மூன்றாவது நடந்தால் வலிக்கும்தான். ஆனால் அது இப்போது, எல்லோரும் வீட்டில் நலமாக இருக்கும்போது நடக்கட்டும். ஐசியூ வாசலில் நடக்க வேண்டாம்.

அப்படி ரத்தானால் வழி அடைபட்டுவிடாது. 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி கிடையாது என்று கணவர் சொல்வது பழைய கதை. அந்த வயது வரம்பு 2024 ஏப்ரலில் நீக்கப்பட்டது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம். உண்மையைச் சொன்னால் எந்த நிறுவனமும் மறுக்கலாம் என்பதும் நிஜம். அதனால் புதியது கைக்கு வரும் முன் பழையதை நீங்களாக விடாதீர்கள். எது எடுத்தாலும் பத்திரத்தில் 'கோ-பே' என்ற சொல்லைத் தேடுங்கள். மூத்தோருக்கான பாலிசிகள் பலவற்றில் பில்லில் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டியிருக்கும்.

உண்மையைச் சொன்ன பிறகும் ஒரு க்ளைம் நியாயமின்றி மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், இத்தகைய புகார்களை விசாரிக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். அவருடைய சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலுக்கும் அங்கே இடமில்லை. என் தொழிலுக்கு அது நல்லதில்லை, உங்களுக்கு நல்லது.

இனி நீங்கள் கேட்டவை

திருமணமான மகளுக்குக் கடமை உண்டு. இதில் சட்டம் மகன், மகள் என்று பார்ப்பதில்லை. மணமான மகளும் பெற்றோரைப் பராமரிக்கப் பொறுப்பானவர் என்று உச்ச நீதிமன்றம் 1987-இலேயே சொல்லிவிட்டது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் மகன், மகள் இருவரையும் குறிப்பிடுகிறது. பராமரிப்பு என்பதில் மருத்துவச் செலவையும் சேர்க்கிறது. உங்கள் கணவருக்கு இந்தப் பொறுப்பு இல்லை. அண்ணிக்கும் இல்லை. அண்ணியைப் பற்றி நீங்கள் ஒன்றரைப் பக்கம் எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன்: சட்டத்தில் எந்தக் கடமையும் இல்லாத அந்தப் பெண்தான் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறார், வேளைக்கு மாத்திரை தருகிறார் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. பகலில் வந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைத்தால் என்ன சம்பளம் கேட்பார்கள் என்று பெரம்பூரில் விசாரித்துப் பாருங்கள்.

ஆனால் இந்தக் கடமைக்கு ஒரு வாசல்படி இருக்கிறது. தன் வருமானத்தாலோ சொத்தாலோ தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பெற்றோருக்குத்தான் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்கும் உரிமை. உங்கள் அம்மாவுக்குப் பென்ஷன் உண்டு, வீடு உண்டு. அவருடைய செலவுக்கு முதல் பணம் அவருடையதே. போதாததற்குத்தான் நீங்கள் மூவரும். நான்கு பக்கக் கடிதத்தில் அண்ணன் சொன்னது, அண்ணி சொன்னது, கணவர் சொன்னது எல்லாம் இருக்கின்றன. அம்மா சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. அந்த 19 ஆயிரம் மாதாமாதம் எங்கே போகிறது என்றும் இல்லை.

அண்ணன் மீது நீங்கள் வழக்குப் போட முடியுமா? முடியாது. பராமரிப்புக் கேட்டு மனுப்போட வேண்டியவர் அம்மா. அவரால் இயலாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்தவர் போடலாம். மனு வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகும். ஒரு பிள்ளை மீது மட்டும் மனுப்போட்டால், அந்தப் பிள்ளை மற்றவர்களையும் உள்ளே இழுக்கலாம். அண்ணன் மீது அம்மா போட்டால் மறு வாய்தாவில் உங்கள் பெயரும் தம்பி பெயரும் வந்து நிற்கும். இத்தனை அலைச்சலுக்கும் தீர்ப்பாயம் அதிகபட்சம் விதிக்கக்கூடியது மாதம் 10,000 ரூபாய். வளையல் அடகு வைத்துக் கொடுத்த 40 ஆயிரத்தை வசூலிக்க வழக்கு நடத்துவதும் பலவீனமான யோசனை; அதைக் குடும்பக் கணக்கில் உங்கள் வரவாக எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த முறை நேர்செய்யலாம்.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வீடு அம்மாவுடையது. அவர் இருக்கும்வரை அதில் உங்களுக்கோ அண்ணனுக்கோ தம்பிக்கோ பங்கு என்று ஒன்றும் இல்லை. அவர் உயில் எழுதலாம், விற்கலாம், யாருக்கும் கொடுக்கலாம். எதுவும் எழுதாமல் காலமானால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூவருக்கும் சமபங்கு. யார் பிரீமியம் கட்டினார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். எனவே, நான் கட்டினால் கூடுதல் பங்கு என்பதும் சட்டத்தில் இல்லை, பங்கு கேட்பவள் கட்டட்டும் என்பதும் சட்டத்தில் இல்லை. அம்மா தானாக யாருக்காவது தானப் பத்திரம் எழுத முன்வந்தால், தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெற்றவர் கைவிடப்பட்டால் பத்திரத்தைச் செல்லாததாக்க 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவு கைகொடுக்கும். நிபந்தனை எழுத்தில் இருந்தால் அவருடைய பிடி வலுவாக இருக்கும். உங்கள் பெயருக்கே எழுதினாலும் இதைத்தான் சொல்வேன்.

கணக்கு

அண்ணன் உங்களிடம் கேட்கும் 38,350 பழைய கணக்கு. அதில் 5,850 ரூபாய் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு அந்த வரி இல்லை. அடிப்படைப் பிரீமியம் 32,500 தான். மூத்த குடிமக்களுக்கு ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதென்றால் நிறுவனம் முன்கூட்டியே ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் விதி வந்திருக்கிறது. அந்த அளவுக்கு ஏறினாலும் 35,750. புதிய அறிவிப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மாத்திரை, பரிசோதனை, மருத்துவர் கட்டணம் என்று மாதம் 3,500 ஆவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுக்கு 42 ஆயிரம். பிரீமியத்தைவிட இது பெரிய தொகை. வழக்கமான பாலிசி இதைத் தருவதில்லை, இதைப் பற்றி உங்கள் வீட்டில் சண்டையும் இல்லை! 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பக்கத்திலேயே பெரியார் நகர் அரசு மருத்துவமனை இருக்கிறது. முதியோருக்கென்றே 2024-இல் கிண்டியில் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனைக்கு ஒருமுறை அழைத்துப் போய்க் காலைக் காட்டுங்கள். அரசு மருத்துவமனை என்றால் அம்மா கௌரவக் குறைவாக நினைப்பார் என்பது அண்ணனின் ஊகம். அதையும் அம்மாவிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மூன்றில் ஒரு பங்கு என்று சமமாகப் பிரிப்பது பார்க்க நியாயமாக இருக்கும். அண்ணனின் கடைக்கும் தம்பியின் சம்பளத்துக்கும் அது ஒரே பாரம் இல்லை. நான் உங்கள் குடும்பத்தில் இருந்தால் இப்படிப் பேசிப் பார்ப்பேன். மாத மருந்துச் செலவு, அம்மா சம்மதித்தால், அவர் பென்ஷனிலிருந்து. பிரீமியம் தம்பி. அவர் பழைய வருமான வரி முறையில் இருந்தால், மூத்த பெற்றோருக்காகக் கட்டும் பிரீமியத்துக்கு 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு. பணமாகக் கட்டக்கூடாது, தன் கணக்கிலிருந்து நேரே நிறுவனத்துக்குப் போக வேண்டும். உங்கள் சம்பளத்துக்கு வரியே வராது என்பதால் உங்களுக்கு அந்தக் கழிவால் பயனில்லை. நீங்கள் மாதம் 1,500 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள்; கோ-பேக்கும் ஆட்டோவுக்கும் ஸ்கேனுக்கும் அது ஆகும். அண்ணன் குடும்பத்தின் பங்கு, பார்த்துக்கொள்வது. அதையும் பங்கு என்றே வாய்விட்டுச் சொல்லுங்கள். அண்ணியின் காது கேட்கச் சொல்லுங்கள்.

புதுப்பிக்க டிசம்பர் 14 கடைசி நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பின் 30 நாள் சலுகை உண்டென்றாலும், பணம் கட்டாத அந்த இடைவெளியில் வரும் செலவுக்குப் பாதுகாப்பு இருக்காது. ஆகவே அதற்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரம்பூர் போங்கள். தம்பியை வீடியோவில் கூப்பிடுங்கள். பென்ஷன் புத்தகம், பாலிசிப் பத்திரம், ஆடி மாதத் தாள்கள் மூன்றையும் அம்மா முன் வையுங்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நானே கட்டிக்கொள்கிறேன்" என்று அவர் சொன்னாலும் சொல்வார். சொன்னால், உடனே வேண்டாம் என்று மறுத்துவிடாதீர்கள்.